தமிழாசிரியரை வகுப்பு மாற்றுவதாக இருந்தால் ஏப்ரலிலேயே சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் மாதம் பள்ளி திறக்கிற வாரத்தில் பாடநூல் வந்துவிட்டதா, சீருடை எப்போது, பஸ் பாஸ் எப்போது, வெயிலுக்காகத் திறப்பைத் தள்ளி வைப்பார்களா என்றெல்லாம் உங்கள் நாளிதழில் செய்தி வருகிறது. வரவேண்டியதுதான், பெற்றோருக்கு அது தேவை. அதே வாரத்தில் ஆசிரியர் அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டுவார்கள், யாருக்கு எந்த வகுப்பு என்று. பிள்ளையின் அந்த வருடத்தைப் பாதிக்கு மேல் அந்தத் தாள்தான் தீர்மானிக்கிறது, ஆனால் அதைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

நான் வடசென்னையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியை. பல வருடங்களாக ஆறாம் வகுப்புதான் எடுத்து வந்தேன். போன கல்வியாண்டு திறந்த அன்று காலை, ஒட்டிய தாளைப் பார்த்துத்தான் எனக்கு எட்டாம் வகுப்பு என்று தெரிந்தது. மறுநாள் முதல் பீரியடே எட்டு 'பி'. மாற்றியதில் எனக்கு வருத்தமில்லை, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்படி எழுதினாலே "இவங்களுக்கு மேல் வகுப்பு எடுக்கச் சோம்பல்" என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரே வகுப்பையே ஓய்வு பெறும்வரை எடுப்பதும் நல்லதில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். மாற்றுகிற நேரமும் விதமும்தான் என் கவலை.

காகிதத்தில் பார்த்தால் 6, 7, 8 மூன்றும் ஒன்றுதான். ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள் மூன்று வகுப்புக்கும் சேர்த்தே. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணையும் 6 முதல் 8 வரை ஒரே தொகுப்பாகத்தான் பார்க்கிறது: 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், அறிவியலும் கணக்கும் சேர்த்து ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர் குறைந்தபட்சம் இருக்க வேண்டும். அதனால் நிர்வாகத்துக்கு ஒரு தமிழாசிரியரை ஆறிலிருந்து எட்டுக்குத் தூக்கிப் போடுவது, டைம் டேபிளில் ஒரு கட்டத்தை அழித்து இன்னொரு கட்டத்தில் எழுதுகிற வேலை. வகுப்பறைக்குள் நிற்கிறவர்களுக்கு அப்படி இல்லை.

ஆறாம் வகுப்புக்கு வருகிற பிள்ளைக்குப் பதினொரு வயது. அதுவரை பெரும்பாலும் ஒரே டீச்சர் எல்லாப் பாடமும் எடுத்த வகுப்பிலிருந்து வந்திருக்கும். இங்கே மணி அடித்தால் ஆள் மாறுகிறார், ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு கண்டிப்பு. முதல் மாதம் முழுக்க அந்தத் தடுமாற்றத்தைச் சரிசெய்வதே தமிழம்மாவின் வேலை, ஏனென்றால் பிள்ளை தன் பேச்சில் பேசுகிற பாடம் தமிழ்தான், பயமில்லாமல் வாய் திறக்கிற பீரியடும் அதுதான். அப்புறம் எழுத்து. சென்னையில் பேசுகிற பிள்ளைக்கு 'ழ' வாயிலேயே வராது, காதிலும் விழாது. ல, ள, ழ மூன்றும் அதற்கு ஒரே ஒலி, ர, ற இரண்டும் ஒன்றே. பாடநூலில் மயங்கொலிகள் ஓர் இயலில் வந்து போய்விடும், ஆனால் அதை வருடம் முழுக்க, சொல்வதெழுதுதலில், கட்டுரை நோட்டில், கரும்பலகையில் பெயர் எழுதும்போதுகூட விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் ஆறாம் வகுப்பு முடியும்போது ஓரளவு நிற்கும். இந்தப் பிள்ளைகள் ஒரு வரி எழுதியதும் நோட்டைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கு ஓடி வருவார்கள். திருத்தினால் சந்தோஷப்படுவார்கள்.

எட்டாம் வகுப்பில் யாரும் மேஜைக்கு வர மாட்டார்கள். பதின்மூன்று வயது. பையன்களுக்குக் குரல் உடையத் தொடங்கியிருக்கும், செய்யுளைச் சத்தமாக வாசிக்கச் சொன்னால் பாதி வகுப்பு சிரிக்கும், வாசிக்கிறவன் அதோடு அடுத்த ஒரு மாதத்துக்கு வாயைத் திறக்க மாட்டான். பெண்பிள்ளைகளில் சிலர் வயதுக்கு வந்த நேரத்தில் தொடர்ந்து பல நாள் வராமல் இருந்து, திரும்பி வரும்போது பாடம் எங்கேயோ போயிருக்கும், கேட்கவும் கூச்சம். எழுத்துப் பிழையைச் சிவப்பு மையில் வட்டம் போட்டால் நோட்டையே மறைத்து வைக்கிற வயது. ஆறாம் வகுப்புக் குரலில் "கண்ணு, இங்க பாரு" என்று ஆரம்பித்தால் அவர்கள் அங்கேயே உங்களை விட்டுவிடுவார்கள். பேச்சின் தொனி, கேள்வி கேட்கிற விதம், திருத்துகிற விதம், யாரை எல்லோர் முன்னாலும் கேட்கலாம், யாரைத் தனியாகக் கூப்பிட வேண்டும், எல்லாமே வேறு. இதையெல்லாம் ஓர் இரவில் மாற்றிக்கொள் என்றுதான் ஜூன் மாதத்துத் தாள் சொல்கிறது.

பாடமும் அப்படியே. 2018, 2019-இல் வந்த பாடநூல்களில் ஆறாம் வகுப்பு இலக்கணம் என்றால் எழுத்துகளின் வகை தொகை, முதலெழுத்து சார்பெழுத்து, சுட்டு, வினா, இன எழுத்துகள், நால்வகைச் சொற்கள் என்று போகும். எட்டில் எழுத்துகளின் பிறப்பில் ஆரம்பித்து வினைமுற்று, எச்சம், வேற்றுமை, தொகைநிலைத் தொடர்கள், புணர்ச்சி, வல்லினம் மிகும் இடம் மிகா இடம், கடைசியில் யாப்பும் அணியும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது இரண்டு வருட இடைவெளி மட்டும் என்று நினைத்தால் தவறு. ஆறாம் வகுப்பில் இடைச்சொல் என்றால் என்னவென்று பிடிபடாமல் விட்ட பிள்ளைக்கு, எட்டில் 'ஐ, ஆல், கு' என்று வேற்றுமை உருபுகளை வரிசையாகச் சொல்லத் தெரியும், மனப்பாடம் அல்லவா, ஆனால் "அம்மா கடைக்குப் போனாங்க" என்ற சொந்த வாக்கியத்தில் உருபு எங்கே என்று கேட்டால் விழிக்கும். உருபு தெரியாத பிள்ளைக்கு வேற்றுமைத்தொகையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? புணர்ச்சி தெரியாமல் வல்லினம் மிகும் இடம் எப்படிப் புரியும்? ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கிற பாடம் இது.

இங்கேதான் வகுப்பு மாறியதால் எனக்குக் கிடைத்த ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பு பல வருடம் எடுத்ததால், எட்டாம் வகுப்புப் பிள்ளை ஓர் இடத்தில் நின்றுவிட்டால் அது எந்தக் கட்டத்தில் அறுந்தது என்று எனக்கு உடனே தெரிகிறது. நேரடியாக எட்டிலேயே பணியில் சேர்ந்தவருக்கு அந்தப் பிள்ளை 'மக்கு' என்று தோன்றலாம். அதேபோல், எட்டாம் வகுப்பைப் பார்த்த பிறகு, ஆறில் எதை இன்னும் அழுத்திச் சொல்லியிருந்தால் இங்கே சுலபமாக இருக்கும் என்பதும் தெரிகிறது. ஆகவே தமிழாசிரியர்கள் மூன்று வகுப்பையும் வாழ்நாளில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதை நான் முழு மனதோடு சொல்வேன். அந்த மாற்றத்துக்கு ஒரு கோடை விடுமுறையாவது கொடுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு முடிவதற்கு முன்னால் சொல்லியிருந்தால் என்னென்ன நடந்திருக்கும்? எட்டாம் வகுப்புப் புத்தகத்தை மே மாதத்தில் ஒரு முறை முழுக்கப் படித்திருப்பேன். ஏழாம் வகுப்புப் புத்தகத்தையும் படித்திருப்பேன், இதுதான் முக்கியம், பிள்ளைகள் எதைப் படித்துவிட்டு வருகிறார்கள் என்று தெரிய வேண்டாமா. பாடக் குறிப்பேட்டை நிதானமாக எழுதியிருப்பேன், துணைக்கருவிகளைத் தயாரித்திருப்பேன். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏழாம் வகுப்பு எடுத்தவரோடு ஒரு மதியம் உட்கார்ந்து பெயர்ப் பட்டியலை வரிசையாகப் பேசியிருப்பேன். யாருக்குக் கரும்பலகை சரியாகத் தெரியாது, யார் வீட்டில் தெலுங்கு அல்லது உருது பேசுகிறார்கள், யார் வாசிப்பார்கள் ஆனால் எழுத மாட்டார்கள், யார் நன்றாக எழுதிவிட்டு அடித்து அடித்து வைப்பார்கள், எந்தப் பிள்ளையின் வீட்டில் இந்த வருடம் ஒரு சாவு நடந்தது. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் மதிப்பெண் இருக்கும், வருகை இருக்கும். இந்தத் தகவல் எதுவும் அங்கே இருக்காது. அது ஆசிரியரின் தலைக்குள் இருக்கிறது, அவரை வேறு வகுப்புக்கு அனுப்பும்போது அதுவும் அவரோடு போய்விடுகிறது.

சென்னையில் இது மற்ற ஊர்களைவிடக் கூடுதலாக உறைக்கும். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி 2006-07-இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம் ஆகிவிட்டது. நல்ல சட்டம். ஆனால் சௌகார்பேட்டையிலும் திருவல்லிக்கேணியிலும் பழைய மகாபலிபுரம் சாலையின் கட்டுமான இடங்களுக்குப் பக்கத்திலும் உள்ள பள்ளிகளில் தமிழ் வகுப்பு என்பது வீட்டில் இந்தி, உருது, தெலுங்கு, நேபாளி பேசுகிற பிள்ளைகளும் கலந்து உட்காருகிற வகுப்பு. வெளிமாநிலத்திலிருந்து வந்து நேராக ஆறில் சேர்கிற பிள்ளைக்கு 'அ' என்ற எழுத்தே புதிது. அதோடு, நகரத்துக்குள் குடியிருப்பை இடித்துப் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் குடும்பங்களை அனுப்பும்போது பிள்ளைகள் கல்வியாண்டின் நடுவிலேயே பள்ளி மாறுகிறார்கள். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தெரிந்த ஒரே முகமாகத் தமிழாசிரியர் இருப்பார். அந்த முகத்தையும் ஜூன் மாதம் எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால், பிள்ளை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் பார்த்த ஒரு பிள்ளை, பீகாரிலிருந்து வந்தவன், ஆறாம் வகுப்பில் என்னிடம் இருந்தான். தப்பாக எழுதினாலும் எழுதிக்கொண்டே இருப்பான், நானும் விட்டுவிடுவேன், பிழையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. ஏழில் அவனுக்குக் கிடைத்தவர் மோசமான ஆசிரியர் இல்லை, மிகவும் நல்லவர், ஆனால் அவன் எங்கிருந்து வந்தான் என்பது யாரும் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்? எல்லோரையும் திருத்துவது போல அவனையும் திருத்தினார். எட்டில் என்னிடம் மறுபடி வந்தபோது கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவதைத் தவிர எதுவும் செய்யாத பையனாக இருந்தான். ஒரு அரை மணி நேரப் பேச்சு, இரண்டு ஆசிரியர்களுக்கு நடுவில், அந்த ஒரு வருடத்தைக் காப்பாற்றியிருக்கும்.

இது என் அனுபவத்தில் மட்டும் உள்ள விஷயமில்லை. நியூயார்க் நகரப் பள்ளிகளின் பல்லாண்டுத் தரவுகளை வைத்து 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. அதே பள்ளியில் இருந்துகொண்டே வகுப்போ பாடமோ மாற்றப்பட்ட ஆசிரியரிடம் படிக்கும் பிள்ளைகளுக்கும் கற்றலில் பின்னடைவு ஏற்படுகிறது என்று அதில் கண்டார்கள். வேலைக்கே புதிதாக வந்தவரிடம் படிப்பதால் வரும் பின்னடைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அது. சிறியதுதானே என்று விட முடியாது, ஏனென்றால் ஒரு சராசரிப் பிள்ளை புது ஆசிரியரிடம் போய்ச் சேர்வதைவிட இப்படி வகுப்பு மாறிய ஆசிரியரிடம் போய்ச் சேர்வது நான்கு மடங்கு அதிகமாக நடந்திருக்கிறது. வட கரோலினாவில் 3 முதல் 5 வரையான வகுப்புகளைப் பார்த்த இன்னொரு ஆய்வு 2018-இல் வந்தது. இரண்டாவது வருடமும் அதே ஆசிரியரிடமே படித்த பிள்ளைகள் கணக்கில் சிறிதளவு, ஆனால் தெளிவாகவே, முன்னேறியிருந்தார்கள். நம் ஊர், நம் பாடம் வேறுதான். ஆனாலும் ஆசிரியருக்குப் பிள்ளையைத் தெரிந்திருப்பதற்கு ஒரு மதிப்பு உண்டு என்பது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதானே.

தலைமையாசிரியர்களின் பக்கமும் எனக்குத் தெரியும். மாறுதல் கலந்தாய்வு முடியாமல் யார் இருப்பார், யார் போவார் என்று அவர்களுக்கே தெரியாது. ஆகஸ்ட் 1 நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையை எடுத்துத்தான் பணியிடம் நிர்ணயிக்கிறார்கள், ஆள் கூடுதல் என்றால் பணி நிரவலில் ஒருவர் வேறு பள்ளிக்குப் போவார், அப்போது நடு வருடத்தில் மறுபடியும் ஒதுக்கீடு மாறும். மகப்பேறு விடுப்பு வரும், ஓய்வு வரும். எல்லாம் சரி. ஆனால் எங்கள் பள்ளி போன்ற உதவி பெறும் பள்ளிகளிலும் மெட்ரிக் பள்ளிகளிலும் ஏப்ரல் மாதத்தில் பெரும்பாலான ஒதுக்கீடு தெரிந்த விஷயம்தான். "இப்போதைக்கு இது, ஜூனில் மாறலாம்" என்று ஒரு தற்காலிகப் பட்டியலையாவது தரலாம். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு அது மாறாது.

இன்னொன்று இருக்கிறது, இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். பல பள்ளிகளில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் நன்றாக எடுக்கிறார் என்று பெயர் வாங்கினால், அடுத்து அவரை ஒன்பதுக்கும் பத்துக்கும் கொண்டுபோய்விடுகிறார்கள், பொதுத் தேர்வு ரிசல்ட்டுக்காக. ஆறாம் வகுப்பு புதிதாக வந்தவரிடம் போகிறது. பத்தில் தமிழில் தவறுகிற பிள்ளை பத்தில் தவறியவன் இல்லை, அவன் ஆறிலேயே தவறிவிட்டான், எட்டாம் வகுப்பு வரை நிறுத்தி வைக்காமல் மேலே அனுப்புவதால் அது வெளியே தெரியவில்லை. (எல்லோரையும் மேலே அனுப்புவதை நான் எதிர்க்கவில்லை, நிறுத்தி வைத்தால் வடசென்னையில் பாதிப் பேர் வேலைக்குப் போய்விடுவார்கள்.) அரசுப் பள்ளிகளில் 2025-26-இல் 6 முதல் 9 வரை கற்றலில் பின்தங்கிய பிள்ளைகளுக்காகத் 'திறன்' என்ற திட்டத்தைத் தொடங்கி, தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றையும் அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். அதற்கான தேவை இருக்கிறது என்பதே ஆறாம் வகுப்பை நாம் எவ்வளவு லேசாக எடுத்துக்கொண்டோம் என்பதைக் காட்டுகிறது. கைதேர்ந்தவர்களை ஆறிலேயே வையுங்கள். மேலே அனுப்பியே ஆக வேண்டும் என்றால், ஏழுக்கு, பின் எட்டுக்கு என்று அதே பிள்ளைகளோடு சேர்த்து அனுப்புங்கள். மூன்று வருடம் ஒரே தமிழாசிரியர். பிள்ளைக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. இரண்டு மூன்று பிரிவுகள் இருக்கிற பள்ளியில் அந்த ஒரு பிள்ளையைப் பிரிவு மாற்றுவது பெரிய காரியமில்லை.

வகுப்பு மாறிய இளைய ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், எனக்குப் பயன்பட்டதைச் சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் பாடத்தை ஓட்டாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக, மரத்தடியிலோ வராந்தாவிலோ உட்கார வைத்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், மற்றவர்கள் காதில் விழாமல். அப்போதே ஒரு சிறிய நோட்டில் இரண்டு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டுரையைத் திருத்தாமல் படியுங்கள், மதிப்பெண் போடாமல் ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதுங்கள், "அப்புறம் என்ன ஆச்சு?" என்பது போல. எட்டாம் வகுப்புப் பிள்ளை அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவான், நம்புங்கள். பாடம் நடத்திய பதிவேட்டில் பாடம் பின்தங்கியதாகத் தெரியும், காலாண்டுத் தேர்வுக்குள் பிடித்துவிடலாம். பருவமழைக்குச் சென்னையில் எப்படியும் சில நாள் விடுமுறை விடுவார்கள், அதையும் கணக்கில் வைத்துத் திட்டமிடுங்கள். வருடக் கடைசியில் அந்தச் சிறிய நோட்டை அடுத்து எடுப்பவரிடம் கொடுங்கள். அதில் "குறும்பு", "சோம்பேறி" என்று எழுதாதீர்கள். என்ன தெரியும், எங்கே நிற்கிறான், என்ன செய்தால் வாய் திறக்கிறான் என்பதை மட்டும் எழுதுங்கள்.

கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக் கடைசி வேலை நாட்களில் ஒரு நாளை, அல்லது அரை நாளையாவது, வகுப்பு ஒப்படைப்புக்கென்று நாட்காட்டியிலேயே குறித்துக் கொடுங்கள். மாற்றுச் சான்றிதழ், தேர்ச்சிப் பட்டியல், புத்தகக் கணக்கு என்று அந்த வாரத்தில் ஆயிரம் வேலை இருக்கிறது, சுற்றறிக்கை இல்லாமல் யாரும் உட்கார்ந்து பேச மாட்டார்கள். இதற்குப் பணம் தேவையில்லை, புதுப் பணியிடம் தேவையில்லை, செயலி எதுவும் வேண்டவே வேண்டாம்.

பெற்றோருக்கும் ஒன்று. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் பற்றிக் கேட்கிறீர்கள், அவசியம் கேளுங்கள். மார்ச் அல்லது ஏப்ரலில் நடக்கிற கூட்டத்தில், அடுத்த வருடம் எங்கள் பிள்ளைக்குத் தமிழ் யார் எடுக்கப்போகிறார்கள், இப்போது எடுப்பவர் அவரிடம் பிள்ளைகளைப் பற்றிப் பேசிவிட்டாரா என்றும் சேர்த்துக் கேளுங்கள். நாங்கள் கேட்டால் வேலைக்கு அலுத்துக்கொள்வதாக எடுத்துக்கொள்வார்கள், நீங்கள் கேட்டால் கூட்டக் குறிப்பில் ஏறும், பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
வடசென்னை.